இருபது கிலோ அறுநூறு

அக்காவுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த இரண்டும்
வயிறு பெருத்துச் செத்தன.
மாந்தம் என்றார்கள், கட்டி என்றார்கள்.
அடுத்து வந்த என்னைக்
குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து
குப்பன் என்று கூப்பிட்டாள் அம்மா,
எமனுக்கு அருவருக்கட்டும் என்று.
ரேஷன் கார்டில் குப்புராஜ்.
பேருக்கேற்ற வேலைதான், மாநகராட்சியில்.

பாபுராவ் தெரு லாட்ஜுகள் என் வண்டிக்கு.
வங்காளத்துக்காரர்களின் மீன்முள், பஞ்சு,
காலியான மாத்திரை அட்டை.
யாருக்குக் குணமாச்சு, யாருக்கு ஆகலை என்று
பையைத் தூக்கும்போதே கொஞ்சம் தெரியும்.
குணமானவர்கள்
செருப்புப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போவார்கள்.
ஊருக்குப் போட்டுக்கொண்டு போகப்
புதுசு வாங்கியிருப்பார்கள்.

டாக்டர் தாளில் ஒரு வட்டம் போட்டு
உள்ளே சின்னச் சின்ன வட்டங்கள் போட்டார்.
ஒவ்வொரு செல்லிலும் குப்பை பிரிக்கிற இடமாம் அது.
உங்க தர்ஷிகாவுக்கு அதில் ஒரு ஆள் இல்லை,
ஒரு கொழுப்பு மட்டும் உடையாமல் சேருது,
மண்ணீரலில், எலும்புக்குள்ளே.
அமுலு அழுதாள்.
எத்தனை நாளா சார் ஆள் வரலை என்று கேட்டேன்.
பிறந்ததிலிருந்தே, என்றார்.

சொந்தத்திலா கட்டினீங்க?
அமுலு என் அக்கா மகள்.
தரையைப் பார்த்தோம் இரண்டு பேரும்.
அவளிடம் பாதியும் என்னிடம் பாதியுமாக
இத்தனை காலம் ஒளிந்திருக்கிறது
அந்த இல்லாமை.

பதிலி ஆள் உண்டாம்.
பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஊசி வழியாக.
நிரந்தரம் கிடையாது, எங்களைப் போல ஒப்பந்தம்தான்.
நிறுத்தினால் மறுபடி சேரும்.
எலி மாதிரி ஒன்றின் செல்லில் வளர்த்து
ஐஸ் பெட்டியில் கடல் தாண்டி அனுப்புகிறார்கள்.
கிடங்கில் எலியைக் கண்டால் மண்வெட்டி தூக்குகிறவன் நான்.
அன்றைக்கு ஒன்று குறுக்கே ஓடியது,
விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை, ஜன்னலோர நாற்காலி.
சுகந்தி சிஸ்டர் குப்பியைக் குலுக்கவே மாட்டார்,
நுரைத்தால் வீணாம்.
உறை ஊற்றிய பாலை நகர்த்துவது போல
மெல்லச் சாய்ப்பார்.
ஒரு குப்பி, என் எட்டு மாதச் சம்பளம்.
கம்பெனி தருமத்துக்குத் தருகிறது.
நான் சொட்டுகளை எண்ணுவேன்,
எங்கேயாவது விட்டுப்போகும்,
முதலிலிருந்து எண்ணுவேன்.
அவள் என் போனில் யானைக்குச் சாயம் அடிப்பாள்.

மூக்கில் ரத்தம் வருவது நின்றது.
பாவாடை நாடா நாலு விரல் இறுகியது.
மூன்று வருஷம் பதினாலிலேயே நின்ற பிள்ளை
சோறு கேட்டாள், மறுசோறு கேட்டாள்.

மருந்து எடைக்குக் கணக்கு.
கிலோவுக்கு அறுபது, குப்பியில் நானூறு.
இருபது கிலோ வரை மூன்று குப்பி.
கம்பெனிக் கடிதத்தில் மூன்று என்றுதான் இருக்கிறது.
அதுக்கு மேல போனா சார்?
எழுதிக் கேட்போம், என்றார்.

ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாதபோது
பாலாற்றோரத் தரம்பிரிக்கும் கொட்டகைக்குக் கூட்டிப்போய்
மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினேன்.
இருபது கிலோ அறுநூறு.
செருப்பைக் கழற்றச் சொன்னேன். கொலுசை.
பாக்கெட்டில் பாதி கடித்த கொய்யா,
இரண்டு கூழாங்கல், அதையும் வாங்கிக்கொண்டேன்.
அப்போதும் இருபதுக்கு மேலேதான் முள்.
பிள்ளை கனக்க வேண்டும் என்று
கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றியவன்,
நானூறு கிராம் குறையாதா என்று குனிந்து நின்றேன்.

இந்த எடைக்கு நான் என்ன வெலைப்பா, என்றாள்.
அட்டை பத்து, இரும்பு இருபத்தாறு, பித்தளை
என்று அடுக்கிக்கொண்டே போனேன்.
சிரித்தாள். தராசு ஆடியது.

ராத்திரி அமுலு எனக்கு வைத்த முட்டையை
அவள் தட்டில் போட்டேன்.

அடுத்த வியாழன், ஆஸ்பத்திரி எடைமேடை.
செருப்போடு ஏறினாள்.
கழற்று என்று சொல்ல வாய்வரை வந்தது.
சிஸ்டர் எழுதிக்கொண்டார்.

புதுச் செருப்பு. பழையது கடித்தது.
பெட்டியை இன்னும் போடவில்லை,
சிலாப்மேல் இருக்கிறது.